‘நீங்களே’ என்றால் யார்?

ஜிப் அக்காவுக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது. நாங்கள் குடியிருந்த நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய அறையில் அவர் கடை. பை, பெட்டி, ஜாக்கெட், பேண்ட் என்று எதில் ஜிப் போனாலும் அங்கேதான் வரும். இழுக்கிற ரன்னரில் கோளாறா, பல்லில் கோளாறா என்று ஒரே இழுப்பில் கண்டுபிடித்துவிடுவார். ரன்னர் தளர்ந்திருந்தால் குறட்டால் இரண்டு பக்கமும் லேசாக நெருக்கி, மெழுகுத் துண்டால் ஒரு தேய் தேய்த்து அப்போதே கொடுத்துவிடுவார். பல் உதிர்ந்திருந்தால் பழசைப் பிரித்துப் புதிதை வைத்துத் தைக்க வேண்டும். அது முடியும்வரை வந்தவர்களுக்கு ஒரு ஸ்டூலும் நிறையப் பேச்சும் உண்டு. எல்லோருக்கும் ஜிப் வைக்கிற அண்ணி தன் வாய்க்கு மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளவில்லை என்று அவருடைய நாத்தனார் சொல்வாள்.

அந்த நாத்தனார் கூரியர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு அவர்களோடேயே இருந்தாள். அக்காவின் கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியும் முன்பே போய் மதியம் திரும்பி வந்து படுத்துவிடுவார். நாங்கள் அவரைப் பேக்கரி அண்ணன் என்போம். அந்த வீட்டுப் பேச்சு மொத்தத்தையும் அக்காவும் நாத்தனாரும் குத்தகைக்கு எடுத்துக்கொண்டதால் அவருக்குப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

நான் இரண்டாவது மாடி. ஆஸ்பத்திரியில் நர்ஸ்; பெரும்பாலும் இரவு டியூட்டி. காலையில் திரும்பி வரும்போது எனக்கு முதலில் தெரிகிற மனித முகம் அக்காவுடையதுதான். இந்தக் கதையில் நான் நேரில் பார்க்காததை எல்லாம் என் பைக்கு ஜிப் மாற்றிக்கொண்டே அவர் எனக்குச் சொன்னார்.

எங்கள் கட்டடத்தில் தண்ணீர் முதலில் தரைக்கடியில் இருந்த தொட்டியில் வந்து விழும். மோட்டார் போட்டு மொட்டைமாடி டேங்குக்கு ஏற்றினால்தான் வீடுகளில் குழாய் பேசும். மோட்டார் ரூமுக்கு ஒரு பூட்டு, அதன் சாவி வாட்ச்மேனிடம். ஹவுஸ் ஓனர் வயதாகி மகனோடு இருக்கத் தொலைதூரம் போய்விட்டார். அவர் போன பிறகு வாட்ச்மேனும் நல்ல வேலை ஒன்று கிடைத்துக் கிளம்பினார். எந்நேரமும் திறந்திருக்கும் கடை என்பதால் சாவியை அக்காவின் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார். அக்கா அன்றே ஓனருக்குப் போன் போட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார்.

“நீங்களே பாத்துக்குங்க” என்று சொல்லி ஓனர் போனை வைத்தார்.

அக்காவின் ஆட்சி இப்படித்தான் ஆரம்பித்தது.

நல்ல ஆட்சி என்றுதான் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் காலத்தில் டேங்க் நிரம்பி வழிந்து சுவரெல்லாம் பாசி பிடித்திருக்கும், அல்லது தலையில் சோப்போடு நிற்கும்போது குழாய் நின்றுபோகும். அக்கா காலையும் மாலையும் ஒரே நேரத்துக்கு மோட்டார் போட்டார், ஒரே நேரத்துக்கு நிறுத்தினார். அடுத்ததாக, மாடிப்படியில் செருப்புகள் தாறுமாறாகக் கிடக்கக் கூடாது என்றார். ஈரத்துணியைப் பிழியாமல் கொடியில் போட்டால் கீழ்வீட்டு ஜன்னலுக்குள் சொட்டுகிறது, பிழிந்து போடுங்கள் என்றார். சைக்கிள்களை ஒரே பக்கமாக நிறுத்தச் சொன்னார். ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் தலையாட்டினோம். நாங்கள் தலையாட்டத் தலையாட்ட அக்காவின் குரலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. இதை நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்: “நான் சொன்னா நாலு மாடியும் கேக்குதுன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு ருசி வந்துடுச்சு.”

அந்த ருசியில்தான் மதியச் சட்டம் பிறந்தது. மதியம் சாப்பாட்டு வேளையிலிருந்து டீ வேளை வரைக்கும் கட்டடத்தில் யாரும் சுத்தியல் தட்டக் கூடாது, துளை போடக் கூடாது, சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது. பேக்கரி அண்ணன் தூங்கும் நேரம் அதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. இரவு டியூட்டி பார்த்துவிட்டு வந்து படுக்கிற நான் மட்டும் மனதுக்குள் அக்காவை வாழ்த்தினேன்.

மூன்றாவது மாடிக்கு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் குடிவந்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வாழ்கிற மனிதர், கோபமே வராது. அவருக்கு நேரம் கிடைப்பது வார விடுமுறையில், அதுவும் மதியத்தில் மட்டும்தான்; அப்போது ஒரு அலமாரி செய்ய உட்கார்ந்தார். பலகை அறுத்து ஆணி அடிக்க ஆரம்பித்ததும் அக்கா ஆள் அனுப்பினார். மாஸ்டர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கடைக்கு இறங்கி வந்தார். முந்தின இரவு டியூட்டி இல்லாததால் அப்போது நானும் அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

“மதியம் தட்டக் கூடாதுன்னு யார் சொன்னதுக்கா?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“சரி. உங்களை யார் சொல்லச் சொன்னது?”

அக்கா ஊசியை நிறுத்தாமல், ஓனர் என்று சொன்னார். ஓனர் என்ன சொன்னார் என்று மாஸ்டர் கேட்டார். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதாக அக்கா சொன்னார்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: “அவர் மரியாதைக்கு ‘நீங்க’ன்னாரா, இல்ல உங்க எல்லாரையும் சேர்த்து ‘நீங்க’ன்னாரா?”

மெஷின் நின்றுவிட்டது.

சந்தேகத்தை உடனே தீர்த்துவிடலாம் என்று அக்கா போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மெஷின்மேல் வைத்தார். ஓனர் யார் பேசுவது என்று இரண்டு தடவை கேட்டார். மோட்டார் சாவி விஷயம் என்றதும் வாட்ச்மேனிடம் கேளுங்கள் என்றார். வாட்ச்மேன் போய் ரொம்ப நாளாகிறது என்று அக்கா நினைவூட்டினார். அன்றைக்கு ‘நீங்களே’ என்று சொன்னது இந்த அம்மாவையா, குடியிருக்கிற எல்லோரையுமா என்று மாஸ்டர் குறுக்கே கேட்டார்.

“தண்ணி வருதா?” என்றார் ஓனர்.

“வருது சார்.”

“அப்புறம் என்ன?” போன் வைக்கப்பட்டுவிட்டது.

மாஸ்டர் சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மேலே இருந்து வந்த அதிகாரம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தது, அனுப்பியவருக்கே ஞாபகமில்லாத ஒன்றாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் அதே பேச்சு. அந்த ஆள் திமிர் பிடித்தவன் என்று அக்கா ஆரம்பித்தார். சாவி என் கையில் இருக்கிறது, நான் மோட்டாரை நிறுத்தினால் என்ன செய்வான் என்றார். அப்படியானால் ஊரார் கேட்பது உங்கள் பேச்சை இல்லை, சாவியின் பேச்சை என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் ஒன்றும் எனக்காகச் செய்யவில்லை, விடியும் முன்பிருந்து மாவு பிசைகிற மனுஷன் தூங்க வேண்டுமே என்றுதான் அந்தச் சட்டம் என்று அக்கா கணவர் பக்கம் திரும்பினார்.

பேக்கரி அண்ணன் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார். “நான் மாவு மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே தூங்குற ஆளு. சுத்தியல் சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. நீ என்னை ஒரு தடவை கேட்டிருக்கலாம்.”

இதைச் சொல்லும்போது அக்கா எனக்கு முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டார். “யாருக்காகச் சட்டம் போட்டேனோ அந்த ஆளையே நான் கேக்கல பாரு. அப்ப மத்தவங்களை எங்க கேட்டிருப்பேன்?”

கோபம் இரண்டு நாளில் தணிந்தது. கோபம் போன இடத்தில் மாஸ்டரின் கேள்வி மட்டும் உட்கார்ந்துகொண்டது. ஜிப் பிரிக்கும்போதெல்லாம் அதையே மென்றுகொண்டிருந்தார். நன்றாகச் செய்தேனே, அது போதாதா என்று என்னைக் கேட்டார். எவ்வளவு நல்ல டாக்டரானாலும் ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளி சம்மதம் கேட்டுத்தான் கத்தியை எடுப்பார் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாவி யார் கையில் இருப்பது என்று ஓட்டுப் போட்டு முடிவுசெய்ய, அடுத்த விடுமுறை நாள் சாயங்காலம் எல்லோரும் மொட்டைமாடிக்கு வர வேண்டும் என்று அக்கா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அவர் போட்ட உத்தரவுகளில் அதுதான் கடைசி.

கூட்டத்தை நடத்தியது முதல் மாடி ரயில்காரர். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நல்லவேளை, தேவைப்பட்டது. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால், யாருக்கெல்லாம் ஓட்டு என்பதிலேயே சண்டை தொடங்கிவிட்டது. வீட்டுக்கு ஒரு ஓட்டு என்றார்கள் சிலர். நாலாவது மாடியில் ஒரே வீட்டில் கூட்டமாகத் தங்கியிருந்த மொபைல் கடைப் பையன்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு ஓட்டு என்றால் எல்லோரும் சேர்ந்து ஒருத்தனைக் குளிக்க அனுப்பவா என்று கேட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர்கள் மட்டும் என்றார் இன்னொருவர். அப்படியானால் கட்டடத்தில் பாதிப் பேரான பெண்களுக்கு ஓட்டில்லை என்று நாத்தனார் எழுந்து நின்றாள். விசில் ஊதப்பட்டது.

கடைசியில் ரயில்காரரே ஒரு வழி சொன்னார். தண்ணீருக்காகத்தானே இவ்வளவும். இந்தக் கட்டடத்தில் தானாகக் குளிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு. எல்லோரும் ஒப்புக்கொண்டோம். முதல் மாடிச் சிறுமி ஒருத்தி தானும் தானாகவே குளிப்பதாகச் சொல்லி ஓட்டுக் கேட்டாள். குளியலறைக்குள் தள்ளுவதற்கே இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள் என்று அவள் அம்மா சாட்சி சொன்னதால் அந்தக் கோரிக்கை தள்ளுபடியானது.

யார் நிற்கிறீர்கள் என்று ரயில்காரர் கேட்டார். அக்கா கையைத் தூக்கினார். வேறு யாரும் அசையவில்லை. போட்டியே இல்லாமல் முடிந்துவிடும் போலிருந்தபோது மொபைல் கடைப் பையன் ஒருவன், கேள்வி கேட்டவரே நிற்கட்டும் என்றான். மாஸ்டர் பதறிப்போனார். தனக்கு அலமாரி வேலை பாக்கி இருக்கிறது என்றார். யாரும் விடவில்லை.

ஓட்டுப் போடுவதற்கு முன் அக்கா ஒன்று சொன்னார். ஜெயிக்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு வருஷம்தான், அதற்குப் பிறகு மறுபடியும் இதே மாடியில் கூட வேண்டும் என்றார். எதற்கு என்று யாரோ கேட்டார்கள்.

“மூட மட்டும் வர்ற ஜிப்பை யாராவது வாங்குவாங்களா? திறக்கவும் வரணும்” என்றார்.

ஓட்டுக்கு அக்காவின் கடையிலிருந்தே பட்டன்கள் வந்தன. வெள்ளைப் பட்டன் அக்காவுக்கு, கறுப்புப் பட்டன் மாஸ்டருக்கு. டேங்குக்குப் பின்னால் வைத்த தகர டப்பாவில் ஒவ்வொருவராகப் போய்ப் போட்டோம். நான் எதைப் போட்டேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை. ரயில்காரர் டப்பாவைத் துண்டின்மேல் கவிழ்த்தார். கறுப்பு இரண்டே இரண்டு அதிகம்.

மாஸ்டர் முகத்தைப் பார்த்தால் அவர்தான் தோற்றவர் என்று நினைப்பீர்கள். அக்கா எழுந்து இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மோட்டார் போட்டதும் காற்று பிடித்து வெறுமனே சுற்றும், அப்போது பக்கத்துக் குழாயைத் திறந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

வீட்டுக்குப் போனதும் நாத்தனார் தானாகவே ஒப்புக்கொண்டாள். “அண்ணி, நான் கறுப்புதான் போட்டேன். வீட்டுலயும் நீங்க, மாடியிலயும் நீங்கன்னா எனக்கு மூச்சு விட இடமில்ல.” அக்காவுக்கு முதலில் கண் கலங்கியது. பிறகு சிரிப்பு வந்தது. கணவர் எதைப் போட்டார் என்று கேட்க வாயெடுத்தவர் கேட்காமலே விட்டுவிட்டார். அந்த விவேகம் அவருக்கு அன்றுதான் வந்தது என்று நாத்தனார் பிறகு சொன்னாள்.

மாஸ்டரின் ஆட்சி அவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது போலவே இருந்தது: மெதுவாக, எல்லோரையும் போகவிட்டு. எதையும் கேட்காமல் செய்யமாட்டார், கேட்டுக் கேட்டே நேரத்தைக் கோட்டைவிடுவார். பலருக்கு அக்காவின் காலம் ஞாபகம் வர ஆரம்பித்தது. கடை வாசலில் நின்று முணுமுணுத்தார்கள். அக்கா காது கொடுத்தாரே தவிர வாய் கொடுக்கவில்லை.

ஒருநாள் காலை மாஸ்டர் மாணவர்களை டிரைவிங் டெஸ்ட்டுக்கு அழைத்துப் போனபோது மோட்டார் சாவியும் அவர் சட்டைப்பையில் சேர்ந்தே போய்விட்டது. டேங்க் காலி. வேலைக்குப் போகிறவர்கள் வாளியும் துண்டுமாகப் படிக்கட்டில் நின்றார்கள். டியூட்டி முடிந்து மருந்து வாசனையோடு நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். அப்போதுதான் மொபைல் கடைப் பையனுக்கு ஞாபகம் வந்தது, அக்காவின் காலத்தில் சாவி ஒருமுறை தொலைந்துபோய், அது கிடைப்பதற்குள் மாற்றுச் சாவி செய்தது.

எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அக்கா பட்டன் டப்பாவுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தார். அது தன்னிடம் இருப்பதே மறந்துபோயிருந்தது என்று பிறகு சத்தியம் செய்தார். கூட்டம் அவரை மோட்டார் ரூம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. “நீங்களே இருந்திருக்கலாம்க்கா, அந்த ஆளைத் தூக்கிட்டு மறுபடி நீங்களே பாருங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேறு சிலரும் ஆமாம் போட்டார்கள். அக்கா பூட்டுக்கு முன்னால் நின்றார். கை நீளவில்லை.

“எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குதி குதிச்சுது. சாவியும் இருக்கு, ஆளும் இருக்கு, கேக்கறதுக்கு யாரும் இல்ல. இப்படித்தான் எல்லாரும் நாற்காலியில உக்காந்திருப்பாங்க போல” என்று அந்த நொடியைப் பற்றி என்னிடம் சொன்னார்.

அவர் திரும்பி என்னிடம் போனைக் கேட்டார். மாஸ்டருக்கு அடித்தார். அந்தப் பக்கம் யாரோ கியர் மாற்றத் தெரியாமல் வண்டியைக் கதறவைத்துக்கொண்டிருந்தது எங்களுக்கும் கேட்டது.

“மாஸ்டர், என்கிட்ட ஒரு மாத்துச் சாவி இருக்கு. மோட்டார் போடட்டுமா?”

“ஐயோ, போடுங்கக்கா. இதைப் போய்க் கேக்கணுமா?”

“கேக்கணும்” என்றார் அக்கா. அதன் பிறகுதான் பூட்டைத் திறந்தார்.

தண்ணீர் ஏறியது. எல்லோரும் கலைந்து குளிக்கப் போனார்கள். சாயங்காலம் மாஸ்டர் கடைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அக்கா மாற்றுச் சாவியை நீட்டினார். அவர் வாங்கவில்லை; ஆத்திர அவசரத்துக்கு உங்களிடமே இருக்கட்டும் என்றார். நீங்கள் மட்டும் சொன்னால் போதாது, மாடியில் கேளுங்கள் என்றார் அக்கா. மாஸ்டர் அந்த வாரமே மாடியில் கேட்டார். இரண்டாவது சாவி அக்காவிடம் இருக்கலாம், மாஸ்டரைக் கேட்காமல் திறக்கக் கூடாது, அவர் போனை எடுக்காவிட்டால் ரயில்காரரைக் கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அதே கூட்டத்தில் நானும் எழுந்து நின்றேன். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்து மதியம்தான் தூங்குகிறேன், அந்த நேரத்தில் சத்தம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ரயில்காரர் தனக்கும் மதியம் கண்ணயர வேண்டும் என்றார். கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி இன்னும் வேகமாகக் கையைத் தூக்கினாள். அக்கா தனியாகப் போட்ட அதே மதியச் சட்டம், கொஞ்சம் நேரம் குறைந்து, இந்த முறை எல்லோருடைய கையாலும் வந்தது. ஓட்டெடுப்பில் முதலில் எழுந்த கை மாஸ்டருடையது. அதனால் அவர் அலமாரிக்குக் கதவு போடப் பல மாதம் ஆயிற்று. துணிகளை எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டே காலம் தள்ளினார். அக்கா ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு, பெரிய ஜிப் ஒன்று வைத்துத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தார்.

ஆட்சியில் இல்லாத அந்த வருஷத்தைப் போல அக்கா சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் தாமதமானால் புகார் சொல்வது, சைக்கிள் கோணலாக நின்றால் மேலே பார்த்து, மாஸ்டர், இதைக் கவனிக்கக் கூடாதா என்று குரல் கொடுப்பது, கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்பது என்று அவருக்குப் பொழுது போதவில்லை. ஆளுவதைவிடக் கேள்வி கேட்பதில் அதிகச் சத்து இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். அவர் கேட்ட கேள்விகளால்தான் மாஸ்டர் நேரத்துக்கு மோட்டார் போடப் பழகினார் என்பது என் அபிப்பிராயம்.

வருஷம் முடிந்து மறுபடி மாடியில் கூடியபோது அக்காவை நிற்கச் சொல்லி நாலு பக்கமும் கெஞ்சினார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். மாஸ்டரும் கைகூப்பிவிட்டார். யாரும் எதிர்பார்க்காமல் நாத்தனார் கையைத் தூக்கினாள். எதிர்த்து நின்ற மொபைல் கடைப் பையனை ஜெயித்தும்விட்டாள். இந்த முறை அக்கா தான் போடும் பட்டனை எல்லோருக்கும் காட்டிவிட்டே போட்டார். அது செல்லாது என்று ரயில்காரர் விசில் ஊத, மறுபடி ஒளித்துப் போட வேண்டியதாயிற்று.

மறுநாள் நான் டியூட்டி முடிந்து வரும்போது நாத்தனார் கடை வாசலில் நின்றிருந்தாள். வெட்டுத்துணிகள் நிரம்பிய மூட்டை படிக்கட்டில் பாதி வழியை அடைக்கிறது, எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக அங்கேதான் இருக்கிறது, யாரும் விழவில்லையே என்றார் அக்கா. யாராவது விழுந்த பிறகா எடுப்பீர்கள் என்றாள் நாத்தனார். அக்கா இரண்டு நிமிஷம் வாதாடினார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார்.

“அந்தப் பக்கம் நீ பிடி” என்றார் நாத்தனாரிடம். இரண்டு பேருமாகத் தூக்கிக் கடைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.